மேற்கை எலும்பின் கீழ்க்கழுத்துக்கு 'முறிகழுத்து' எனலாமா?

ஐயா, வணக்கம்.

தொடையெலும்புக்கும் மேற்கை எலும்புக்கும் (தோளிலிருந்து முழங்கை வரை உள்ளது) ஒரே வரிசையில் சொற்கள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தலை (மூட்டில் பொருந்தும் உருண்டை முனை), தண்டு (நீண்ட நடுப்பகுதி) வரைக்கும் எனக்கும் உடன்பாடுதான். (மேற்கை எலும்புக்குப் புயவெலும்பு என்ற பெயர் வேண்டாம், புயம் தோளையும் குறிக்கும்.) சிக்கல் கழுத்தில்தான் வருகிறது.

தொடையெலும்பில் கழுத்து பார்த்தவுடன் தெரியும். தண்டோடு ஏறத்தாழ 125 பாகைக் கோணத்தில் சாய்ந்து, தலையைத் தள்ளி நிறுத்துகிறது. கால் இடுப்பில் இடிக்காமல் வீசி நடப்பதற்கு இந்த இடைவெளி வேண்டும். எலும்பு தேய்ந்த முதியவர்கள் வழுக்கி விழும்போது பல நேரம் இங்கேதான் முறிகிறது. தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுவதால், முறிந்தபின் தலை ரத்தமின்றிச் செத்துப்போகவும் கூடும்.

மேற்கை எலும்பில் தலை தண்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. தலையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று, அவ்வளவுதான் அனட்டாமிகல் நெக். அங்கே முறிவது அரிது. அதற்குக் கீழே, தலையை ஒட்டியுள்ள இரண்டு எலும்புப் புடைப்புகளையும் தாண்டித் தண்டு ஒடுங்கும் இடம்தான் அடிக்கடி முறிகிறது. அதனால்தான் அதற்கு சர்ஜிகல் நெக் என்று பெயர். அக்குள் நரம்பு சுற்றிப் போவதும் அந்த இடத்தைத்தான். முறிவில் நரம்பு அடிபட்டால் தோளை மூடிய டெல்டாய்டு தசை தளர்ந்து, கையைப் பக்கவாட்டில் தூக்குவது கடினமாகிவிடும். மேற்கை எலும்பின் இந்த இரண்டு கழுத்துகளையும் வெறுமனே 'கழுத்து' என்று எழுதினால், மாணவர் தொடையெலும்பை நினைத்துக்கொண்டு தலையடியிலேயே தேடுவார்.

சர்ஜிகல் நெக்கை அப்படியே மொழிபெயர்த்து 'அறுவைக் கழுத்து' என்றால் அறுவை செய்யும் இடம் என்றே தோன்றும். முறிகின்ற கழுத்து என்பதால் 'முறிகழுத்து' என்று முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. வாயில் எளிதாக வருகிறது. மேலே உள்ள அனட்டாமிகல் நெக்குக்கு 'மெய்க்கழுத்து'. மெய் என்பதற்கு உடல், உண்மை என்ற இரண்டு பொருளும் இங்கே பொருந்தும்.

தொடையெலும்பின் கழுத்தும் முறியுமே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அதில் கழுத்து ஒன்றுதான், அடைமொழி கொடுத்துப் பிரிக்க வேண்டிய தேவை இல்லை.

எனக்கு நெருடுவது வேறு. எக்ஸ்ரே அறிக்கையில் 'முறிகழுத்து முறிவு' என்று எழுதினால் முறி இரண்டு முறை வருகிறது. 'முறிகழுத்தில் உடைவு' என்று எழுதலாமா? எலும்பு மருத்துவம் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.