தங்கம்-வெள்ளி நானோ துகள்: கலந்ததுமே கரைசல் திரிந்துபோகிறது, உதவுங்கள்

கேள்வி

வணக்கம். எம்.எஸ்சி. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட். தங்கமும் வெள்ளியும் சரிபாதி சேர்ந்த நானோ துகள் செய்து, 4-நைட்ரோபீனாலை 4-அமினோபீனாலாக மாற்ற வினையூக்கியாகப் பயன்படுத்த வேண்டும். பிவிபி (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பாலிமர்) கரைசலில் குளோரோஆரிக் அமிலமும் (தங்க உப்பு) சில்வர் நைட்ரேட்டும் தலா 0.25 மில்லிமோலார் வரும்படி கலக்கிறேன். கொஞ்ச நேரத்தில் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கிவிடுகிறது. அயனிகளை உலோகமாக ஒடுக்கும் போரோஹைட்ரைடு ஊற்றினால் அழுக்கு ஊதா நிறம். மறுநாள் அடியில் கருப்பாகப் படிகிறது. யூவி-விசிபிளில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) 520 நானோமீட்டர் பக்கம் மட்டும்தான் முகடு. மூன்று தடவை ஆயிற்று, தங்க உப்பு தீரப்போகிறது.

பதில் 1

தண்ணீரில் குளோரைடு இருக்கலாம். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவிய பீக்கரை நன்றாக அலசினீர்களா?

கேட்டவர்

அலசினேன் அண்ணா. அதே தண்ணீர், அதே பீக்கரில் சில்வர் நைட்ரேட் மட்டும் போட்டால் தெளிவாகவே இருக்கிறது.

பதில் 2

அப்படியென்றால் குளோரைடு தங்க உப்பிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு தங்க அயனியோடும் நான்கு குளோரைடு ஒட்டியிருக்கிறது. உங்கள் அளவில் அது 1 மில்லிமோலார் வரை போகும். சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் (வெள்ளி, குளோரைடு செறிவுகளைப் பெருக்கினால் இதைத் தாண்டும்போது வீழ்படிவாகும்) 1.8 × 10⁻¹⁰. நீங்கள் அதை ஆயிரம் மடங்குக்கும் மேல் தாண்டுகிறீர்கள். வெள்ளி வீழ்படிவாகிவிட, தங்கம் தனியாகத் துகளாகிறது. 520 முகடு அதனுடையதுதான்.

இரண்டு உப்பையும் முன்கூட்டியே கலக்காதீர்கள். பிவிபி கரைசலை ஐஸில் வைத்து, அப்போதே கரைத்த போரோஹைட்ரைடை உலோகத்தைப் போலப் பத்து மடங்கு மோல் சேருங்கள். வேகமாகக் கலக்கிக்கொண்டே, தனித்தனி சிரிஞ்சிலிருந்து இரண்டு உப்புக் கரைசலையும் ஒரே நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குளோரைடைச் சந்திக்கும் முன்பே வெள்ளி உலோகமாகிவிடும். கலவை சரியாக வந்தால் வெள்ளியின் 400-க்கும் தங்கத்தின் 520-க்கும் நடுவில் ஒரே முகடு தெரியும்.

அப்புறம் ஒன்று: வீழ்படிவைக் கரைக்க அம்மோனியா ஊற்றச் சொல்வார்கள். தங்க உப்பு இருக்கும் பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம். அதில் உருவாகும் சேர்மம் உலர்ந்தால் லேசாக உரசினாலே வெடிக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி அக்கா! இன்று செய்தேன். கலங்கவே இல்லை, ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம், 460 பக்கம் ஒரே முகடு. நைட்ரோபீனால் மஞ்சள் கண்ணெதிரே வெளுத்தது. துகள் சேர்க்காமல் போரோஹைட்ரைடு மட்டும் போட்ட க்யூவெட் (அளவிட வைக்கும் சிறு குப்பி) இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது.