பிக்கப் பின்னாடி உக்காருது, ஸ்பிரிங் பட்டை சேத்தா சரியாகுமா? (அவசரம்)

கம்பத்து_வண்டி:
லோடு ஏத்துனா பின்னாடி உக்காந்துருது. குமுளி மலையில வளைவுக்கு வளைவு டங்கு டங்குன்னு அடிக்குது. பக்கத்துக்கு ஒரு பட்டை சேத்தா போதுமா? நாளைக்கு லோடு இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

ஏலக்காமலை:
என்ன வண்டி, எத்தனை டன் பாஸிங் (ஆர்சியில அனுமதிச்ச லோடு), என்ன லோடு? ரெண்டு பக்கமும் ஒரே அளவா உக்காருதா?

டாப்கியர்:
பின் ஆக்சிலுக்கு மேல ஏர் பேக், அதான் காத்துப் பை, போடுங்க. காத்து அடிச்சா லெவல் ஆயிரும், மேட்டர் முடிஞ்சுது.

கம்பத்து_வண்டி:
1.3 டன். வாழைத்தார், கோட்டயம் வரைக்கும். சில நாள் 2 டன் வரும். லேசா இடப்பக்கம் சாயுற மாதிரி இருக்கு.

மூத்தமெக்கானிக்:
தம்பி, இதெல்லாம் ஆர்சி புக்கைப் படிச்சாலே தெரியும். பட்டை சேத்தா பாஸிங் ஏறாது. ஆக்சில், பேரிங், பிரேக் எல்லாம் அதே 1.3க்குத்தான். பிடிச்சா 194ஆம் பிரிவுல 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. கூடுதல் லோடையும் அங்கேயே இறக்கச் சொல்லுவான்.

பட்டைக்கடை:
இடப்பக்கம் சாயுதுன்னா சேக்குறதுக்கு முன்னாடி பாருங்க. காலி வண்டியச் சமதளத்துல நிறுத்தி, ஆக்சிலுக்கும் மேல இருக்குற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (வண்டி ரொம்ப அமுங்குனா ஆக்சில் முட்டுற ரப்பர்) நடுவுல ரெண்டு பக்கமும் அளங்க. வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா பட்டை உடஞ்சிருக்கும், இல்ல பட்டைகள நடுவுல கோக்குற சென்டர் போல்ட் அறுந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சென்டர் போல்ட் பக்கத்துல துருக்கோடு இருக்கான்னு பாருங்க. விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

சேக்கத்தான் வேணும்னா ஹெல்ப்பர் பட்டை போடுங்க, லோடு ஏறுனாத்தான் அது வேலை செய்யும். 8 மில்லி இருக்குற இடத்துல 10 மில்லி போட்டா அந்தப் பட்டையோட விறைப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. காலியா வரும்போது குதிரை மாதிரி குதிக்கும். சென்டர் போல்ட், பட்டைய ஆக்சிலோட கட்டுற யூ போல்ட் ரெண்டும் புதுசு, நீளம் கூட்டி வாங்கணும். பழைய யூ போல்ட்ட திரும்பப் போடாதீங்க, இழுபட்டிருக்கும். சக்கரம் தரையில நிக்கும்போது குறுக்குக்குறுக்கா டைட் பண்ணி, முதல் லோடு முடிஞ்சதும் மறுபடி டைட் பண்ணுங்க.

ஏலக்காமலை:
பின் ஆக்சில்ல இருந்து பிரேக் வால்வுக்கு ஒரு ராடு போகுதான்னும் பாருங்க. இருந்தா லோடுக்குத் தக்க பின் பிரேக் அழுத்தத்த அதுதான் கூட்டும். பட்டை விறைச்சா லோடு ஏத்துனாலும் வண்டி அமுங்காது, வால்வு காலி வண்டின்னு நினைச்சுக்கும். குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறக்கத்துல முன் பிரேக்கே எல்லாத்தையும் சுமக்கும். டாப்கியர், ஏர் பேக் போட்டாலும் இதே கதைதான். வால்வையும் செட் பண்ணணும்.

டாப்கியர்:
பட்டைக்கு நடுவுல பழைய என்ஜின் ஆயில் அடிச்சீங்களா? சத்தம் அதுலயே போயிரும்.

பட்டைக்கடை:
ஆயில் பட்டை முனையில இருக்குற ரப்பர் புஷ்ஷ ஊற வச்சுத் தின்னுரும். மண்ணும் ஒட்டும்.

டாப்கியர்:
லாரிக்காரங்க எல்லாம் அடிக்கத்தானே செய்றாங்க?

மூத்தமெக்கானிக்:
லாரியில பித்தளை புஷ், கிரீஸ் நிப்பிள். பிக்கப்புல ரப்பர். வித்தியாசம் தெரியாமப் பேசக்கூடாது.

டாப்கியர்:
எல்லா லாரியிலயும் பித்தளையா? புது லாரியப் பார்த்ததே இல்லையா?

ஏலக்காமலை:
ஆயில் சண்டைய வேற இழையில வச்சுக்கங்க. கம்பம் அண்ணே, அளந்தீங்களா?

கம்பத்து_வண்டி:
இடப்பக்கம் 25 மில்லி கம்மி. மூணாவது பட்டை உடஞ்சு கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் அந்தப் பட்டைய மாத்தி, யூ போல்ட்டும் புதுசு போட்டாச்சு. ஹெல்ப்பர் போடல. நன்றி.

ஏலக்காமலை:
லோடு?

டாப்கியர்:
ஆயில் அடிச்சீங்களா இல்லையா?