பொருள்: ‘கம்ப்ளீட்’ ஆனாள் என்பதற்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

முனிர்க்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ (2005) நாவலுக்கு முதுகலை மாணவர்களுக்காக 16 பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று தயாராகிறது. பிறருக்கு உறுப்பு கொடுப்பதற்கென்றே படியெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகளின் கதை அது. முக்கிய மேற்கோள் ஒவ்வொன்றையும் 4 கேள்விகளால் அலசுகிறோம்: யார் சொல்வது, யாரிடம், எந்தக் காலத்தில் நின்றுகொண்டு, எந்தச் சொல் எதை மூடுகிறது. முதல் மூன்றில் சிக்கல் இல்லை. நான்காவதில் மூடுகிற சொல்லுக்கே தமிழ் இல்லாமல் நிற்கிறது.

கார்டியன் என்பதைக் காப்பாளர் ஆக்கிவிட்டோம். விடுதிக் காப்பாளர் எல்லோருக்கும் தெரிந்தவர், அந்தப் பிள்ளைகள் வளர்கிற ஹெய்ல்ஷாமும் விடுதிப் பள்ளி மாதிரிதான். உறுப்பு கொடுத்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் கேரர், பராமரிப்பாளர். குளோன் குளோனாகவே இருக்கட்டும். நாவலிலேயே அந்தச் சொல் அரிதாகத்தான் வருகிறது, ‘மாணவர்கள்’ என்பதுதான் புழக்கம். மிச்சம் டொனேஷன் (உறுப்பு கொடுப்பது), டிஃபெரல் (அதைத் தள்ளிப்போடுவது), பாசிபிள். எல்லாவற்றுக்கும் மேலாக ‘கம்ப்ளீட்’. உறுப்பு கொடுத்துச் செத்தவரை அங்கே யாரும் ‘இறந்தார்’ என்பதில்லை. அவர்களில் ஒருத்தியான கிறிஸ்ஸி இரண்டாவது டொனேஷனில் ‘கம்ப்ளீட்’ ஆனாள், அவ்வளவுதான். எங்கள் வரைவில் ஓரிடத்தில் காலமானாள், ஓரிடத்தில் நிறைவெய்தினாள், ஓரிடத்தில் இறந்தாள் என்று கிடக்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால்தான் மாணவருக்கு அது உறைக்கும்.

மயூர் விகார் எழுதியது:

முனிர்க்கா அம்மாவுக்கு வணக்கம். முதலில் இது எவ்வகை வழக்கு என்று தீர்க்காமல் சொல் தேடுவது தலைகீழ் வேலை. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறி, அதாவது ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல். மங்கலத்தில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உண்மை தெரியும், தெரிந்தே விலக்குகிறார்கள். நாவலில் வெளியுலகம் மங்கலமாகச் செய்துவைத்த சொல், பிள்ளைகளிடம் குழூஉக்குறியாக வந்து சேர்கிறது. மூத்தவர்கள் மறைத்ததை இளையவர்கள் மறைக்கிறோம் என்றே தெரியாமல் பேசுகிறார்கள். கையேட்டின் நான்காவது கேள்விக்கு இந்த வேறுபாடே விடை.

என் பரிந்துரை ‘முற்றினாள்’. முற்று என்ற வேர் முடிவையும் முழுமையையும் ஒருங்கே தரும். வினைமுற்று, முற்றெச்சம், முற்றுகை. வீட்டு முற்றம்கூட இவ்வேர்தான் என்பது என் துணிபு: வீடு முடிகிற இடம்.

கரோல் பாக் எழுதியது:

ஐயா, முற்றத்தில் நின்று பேச நேரமில்லை, இன்று புதன். ‘கிறிஸ்ஸி முற்றினாள்’ என்று வகுப்பில் வாசித்தால் வெண்டைக்காய் நினைவுக்கு வரும். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற சனம் நாம்.

‘நிறைவு’ போதும். ‘பணி நிறைவு பாராட்டு விழா’ அழைப்பிதழ் பார்க்காத வீடு உண்டா? ஓய்வு என்ற சொல் மங்கலமாகப் படவில்லை என்று நிறைவு ஆக்கிக்கொண்டோம். அதே அலுவலக வாடைதான் நாவலிலும். ‘இரண்டாவது கொடையில் நிறைவு பெற்றாள்.’ ஒரு கோப்பில் எழுதிய மாதிரியே இருக்கிறது.

லோதி காலனி எழுதியது:

நிறைவு நல்ல முயற்சி, ஆனால் இரண்டு பக்கமும் கசிகிறது. ஒரு பக்கம் ‘இறைவனில் நிறைவு’ என்று பக்தி ஏறிவிடும். சித்தர் பரிபூரணம் அடைந்த கதை ஆகிவிடும். இன்னொரு பக்கம் ‘தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது’. முதலாவது வேண்டாத ஆறுதல், இரண்டாவது வேண்டாத குற்றச்சாட்டு. நாவலில் இரண்டும் இல்லை, சத்தமே இல்லாமல் நடக்கிறது.

இலக்கணத்தைப் பாருங்கள். ஆங்கில வினை பெரும்பாலும் செயப்படுபொருள் கேட்கும்: படிவத்தை, படிப்பை, வேலையை. இங்கே அந்தப் பொருளைப் பிடுங்கிவிட்டு வினையை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எதை முடித்தாள் என்ற கேள்வி தொங்குகிறது. தமிழில் இதற்கு வாகான இணை நம்மிடமே இருக்கிறது: முடிந்தாள் தன்வினை, முடித்தாள் பிறவினை. முடிந்தாள் என்றால் நேரே சாவு, கேள்வி இல்லை. ‘கிறிஸ்ஸி இரண்டாவது கொடையில் முடித்தாள்’ என்றால் வாசகர் ஒரு நொடி நின்று ‘எதை?’ என்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த மேற்கோளே.

எந்தச் சொல் வந்தாலும் 23-ஆம் அத்தியாயத்தில் வைத்து உரசிப் பாருங்கள். நான்காவது கொடைக்குப் பிறகு, கணக்குப்படி ‘கம்ப்ளீட்’ ஆன பின்னும் எங்கோ ஓர் ஓரத்தில் நினைவு இருக்குமோ, இன்னும் கொடைகள் தொடருமோ, அப்போது பராமரிப்பாளரும் இருக்கமாட்டார்களோ என்று அந்த மாணவர்களில் ஒருவனான டாமி அஞ்சுகிற இடம். ‘இறந்த பின்னும் நினைவு இருக்கும்’ என்று பெயர்த்தால் பேய்க்கதை. ‘நிறைவெய்திய பின்னும்’ என்றால் மறுபிறவி. ‘முடித்த பின்னும்’ என்றால்தான் திகில் அதன் இடத்தில் இருக்கிறது.

ஆர்.கே.புரம் எழுதியது:

மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. டாமியின் அச்சத்துக்கு நம் சட்டத்திலேயே ஓர் எதிர்முகம் உண்டு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி 4 மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவு என்று சான்றளிக்க முடியும். அதாவது ‘முடிந்ததா?’ என்ற கேள்வியை இருமுறை கேட்கவேண்டும். நாவலில் அதைக் கேட்பவரே இல்லை. தமிழில் மூளைச்சாவு என்று சாவைச் சாவாகவே வைத்துக்கொண்டதையும் கவனியுங்கள். நம் மருத்துவத் தமிழ் இந்த இடத்தில் பூசி மெழுகவில்லை. கையேட்டில் இதை எதிரெதிரே வைத்தால் மாணவருக்குச் சட்டென்று பிடிபடும்.

டொனேஷனுக்கு ‘தானம்’ போடுங்கள். உடல் உறுப்பு தானம் என்றுதான் அரசு விளம்பரம் முதல் மருத்துவமனைப் பலகை வரை. டொனேஷன் என்றே விட்டால் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டுகிற பணம் என்று நினைப்பார்கள்.

மயூர் விகார் எழுதியது:

தானம் வடசொல். கொடை இருக்க அது எதற்கு? புறாவுக்காகத் துலாக்கோல் ஏறிய செம்பியனைப் புறநானூறு பாடியிருக்கிறது. உடலை அறுத்துக் கொடுப்பதன் முதல் படிமம் நம்மிடம் அங்கேயே உண்டு. கொடை என்பது கொடுப்பவனின் விருப்பத்தைக் காட்டும் சொல். விருப்பமே கேட்கப்படாத பிள்ளைகள்மேல் அச்சொல்லை ஏற்றும்போதுதான் முரண் பளிச்சிடும். ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்ற குறளை இந்நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எலும்பும் பிறர்க்குரியது, ஆனால் அன்புடையார் யார் என்பதே இங்கே கேள்வி. காதல் மெய்யென்று காட்டினால் 3, 4 ஆண்டு விடுப்பு கிடைக்கும் என்ற வதந்தியை நம்பித்தானே டாமியும் கதைசொல்லி கேத்தியும், ஹெய்ல்ஷாமோடு தொடர்புடைய மேடமிடம் போகிறார்கள்?

கரோல் பாக் எழுதியது:

குறளுக்குக் கை தட்டிவிட்டு ஒரு கணினிக் குறிப்பு. ‘தான’ என்று தேடினால் தானத்தை, தானத்துக்கு எல்லாம் சிக்கும். கூடவே நிதானம், மைதானம், சமாதானம், அது போக ஒவ்வொரு ‘தான்’ உம். 16 பக்கத்தில் எத்தனை ‘தான்’ என்று எண்ணிப் பாருங்கள். ‘கொடை’ தேடினால் நன்கொடையும் கொடைக்கானலும்தான் இடையூறு, கையேட்டில் இரண்டுமே இல்லை. ஆக ஐயாவின் தூய்மைக்காக அல்ல, தேடல் பெட்டிக்காக நானும் கொடை.

டிஃபெரலுக்கு ‘வாய்தா’ போடலாமே? நீதிமன்றத்துச் சொல், எல்லோருக்கும் புரியும், கெஞ்சுகிற தொனியும் உண்டு.

லோதி காலனி எழுதியது:

வாய்தா சிரிப்பு மூட்டும். ஒத்திவைப்பு போதும், ரத்து அல்ல என்பது அதிலேயே தெரிகிறது.

முடித்தாளுக்கு ஒரு எச்சரிக்கை. துணைவினை சேர்க்கவே கூடாது. ‘முடித்துவிட்டாள்’ என்றால் யாரையோ தீர்த்துக்கட்டிய பேச்சு. பெயர்ச்சொல்லாக ‘முடிப்பு’ என்றும் போடாதீர்கள், பண முடிப்பு ஆகிவிடும். ‘முடித்தல்’ மட்டும். அப்புறம், ‘முடித்த’ என்று தேடி, சாதாரணப் பொருளில் வருகிற ‘படித்து முடித்தார்கள்’ போன்றவற்றை ‘படித்தார்கள்’ என்று திருத்துங்கள். ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் இருந்தால்தான் மாணவர் கோடு போட்டுக் காட்ட முடியும்.

முனிர்க்கா எழுதியது:

நன்றி. முடிவு: கொடை, ஒத்திவைப்பு, முடித்தாள். நால்வர் ஏற்றார்கள், ஒருவர் பேசவில்லை. காப்பாளர் மிஸ் லூசியின் மேற்கோளுக்குச் ‘சொல்லியும் சொல்லாமலும்’ என்று போட்டிருக்கிறோம், அதில் யாரும் கை வைக்கவேண்டாம். ‘மூளைச்சாவு’ பெட்டிச் செய்தியாக 9-ஆம் பக்கத்தில். ‘பாசிபிள்’ மட்டும் பாக்கி. யாரிடமிருந்து படியெடுத்தார்களோ அந்த ஆள். வரைவில் ‘மூலர்’ என்று இருக்கிறது.

ஆர்.கே.புரம் எழுதியது:

‘மூலர்’ வேண்டவே வேண்டாம். மருத்துவமனைத் தமிழில் மூலம் என்றால் என்ன என்று தெரியும்தானே?

கரோல் பாக் எழுதியது:

திருமூலரும் வந்து நிற்பார். தவிர, அந்த ஆள்தான் என்ற உறுதி நாவலில் இல்லை. மாணவி ரூத் தன் ‘பாசிபிளை’ நார்ஃபோக்கில் தேடிப் போனதும் வெறும் ‘இருக்கலாம்’தான். அந்த ‘லாம்’ தமிழில் எப்படிப் பெயர்ச்சொல் ஆகும்?

மயூர் விகார் எழுதியது:

ஆகும். நாளை விரிவாக எழுதுகிறேன். ‘முற்றினாள்’ என்பதை நான் திரும்பப் பெறவில்லை, அடிக்குறிப்பாகவாவது போடுங்கள். பேசாத அந்த ஒருவர் நானே.