எதிர்ப்புப் புரதம் கிருமியைத் தொடுகிறதா, தொடவில்லையா?

பாலாடாக்காரன்:
உருளைக்கிழங்குக் கருகல் நோயைப் பற்றி நேற்று மன்னவனூரான் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. கிருமி வந்ததை உணரும் செடியின் எதிர்ப்புப் புரதம், கிருமியின் புரதத்தை நேரே போய்ப் பிடித்துவிடுமாம், பூட்டும் சாவியும் மாதிரி, எல்லாச் செடியிலும் இப்படித்தானாம். யார் சொன்னது? அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் ரின்4 என்று ஒரு புரதம் இருக்கிறது. பாக்டீரியா அனுப்பும் புரதம் அதைத்தான் நறுக்குகிறது, அது போனதும் பக்கத்தில் காவலிருக்கும் ஆர்பிஎஸ்2 என்ற எதிர்ப்புப் புரதம் விழித்துக்கொள்கிறது. நறுக்கியவனைத் தொடவே இல்லை. மூட்டை குறைந்தால் நாய் குரைக்காதா, திருடனைக் கடித்துப் பார்த்தால்தான் குரைக்குமா?

மன்னவனூரான்:
அண்ணா, உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினால் கடுகைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். கோதுமைத் தண்டுத்துரு நோய்க்கு எதிரான எஸ்ஆர்35 என்ற எதிர்ப்புப் புரதம், நோய்ப் பூஞ்சையின் புரதத்தை நேரேதான் பிடிக்கிறது, 2022இல் கட்டமைப்பையே காட்டிவிட்டார்கள், ஐந்து ஐந்தாகச் சேர்ந்து சக்கரம் மாதிரி நிற்கிறது. தொடுகிறது. முடிந்தது.

பாலாடாக்காரன்:
ஓ, கடுகு ஆகாது, கோதுமை மட்டும் உருளைக்கிழங்குக்குச் சொந்தமா? நான் கேட்டது "எல்லாச் செடியிலும்" என்பதற்கு.

ஆய்வுமாணவி:
சார், இரண்டு விதமும் உண்டு. முதலில் எதிர்ப்புப் புரதம் என்று எதைச் சொல்கிறீர்கள்? செல் சவ்வில் நின்று பாக்டீரியாவின் கசையிழைத் துணுக்கை, அதாவது அது நீந்தும் வாலின் துணுக்கை, உணரும் எஃப்எல்எஸ்2 வேறு, செல்லுக்குள் இருக்கும் ஆர்பிஎஸ்2 வேறு.

பாலாடாக்காரன்:
பாப்பா, அதெல்லாம் அப்புறம். தொடுகிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. கருகல் நோய்க்கே வருகிறேன். கிருமியின் ஏவிஆர்3ஏ புரதத்தை ஆர்3ஏ என்ற எதிர்ப்புப் புரதம் உள்ள உருளைச் செடி அடையாளம் காணும். ஆனால் அந்தக் கிருமிப் புரதத்தின் சங்கிலியில் 80, 103 என்ற இரண்டே இடங்களில் அமினோ அமிலம் மாறிய கிருமி வந்தால் செடி சும்மா நிற்கும். மூடுபனியில் ரெண்டு நாள் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்தால் கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்திருக்கும். நான் முப்பது வருஷமாய்ப் பார்க்கிறேன்.

மன்னவனூரான்:
நன்றி அண்ணா, எனக்கே சாட்சி சொல்கிறீர்கள். சாவியின் பல் தேய்ந்தால் பூட்டு திறக்காது.

பாலாடாக்காரன்:
காவல்காரனுக்கும் ஆள் மாறினால் அடையாளம் தெரியாது தம்பி! அந்த ஏவிஆர்3ஏ உள்ளே வருவதே செடியின் சிஎம்பிஜி1 என்ற புரதத்தைத் தன் வசப்படுத்தத்தான். ரின்4க்கு இன்னும் பதில் வரவில்லை.

கேத்தி ராசு:
அண்ணா, என் தோட்டத்திலும் அந்த வெள்ளைப் பூப்பு இருக்கிறது, மழையும் விடவில்லை, மருந்து இன்றைக்கே அடிக்கலாமா?

மன்னவனூரான்:
ரின்4 கடுகு. உருளைக்கிழங்கில் காட்டுங்கள். போன வருஷம் மலைப்பூண்டு விவாதத்திலும் இதே வித்தைதான், வேறு பயிரைக் காட்டி எங்கள் கொடைக்கானல் பூண்டை மட்டம் தட்டினீர்கள்.

பாலாடாக்காரன்:
பூண்டை மறக்கவே மாட்டீர்களா? உங்கள் கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழை முடிக்கொத்து நோயில் அழிந்தபோது எந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறந்தது?

மன்னவனூரான்:
அதை மட்டும் இழுக்காதீர்கள், எங்கள் தாத்தா தோட்டம் அதில்தான் போனது. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுவை 1961இல் இந்தியாவில் முதலில் கண்டது உங்கள் நீலகிரியில்தானே, அதைப் பற்றிப் பேசுவோமா?

பாலாடாக்காரன்:
பேசுவோமே. அதைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா என்ற உருளை ரகத்தை எங்கள் முத்தோரை ஆராய்ச்சி நிலையம் கொடுத்ததையும் சேர்த்துப் பேசுங்கள். புழு வந்த வழி தெரிந்தவருக்கு ரகம் வந்த வழி தெரியாதாக்கும்.

ஆய்வுமாணவி:
ராசு அண்ணாவுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

பாலாடாக்காரன்:
ராசு, மழை விட்டு இலை காய்ந்ததும் அடி, அடிப்பக்கமும் நனைய வேண்டும். மன்னவனூரான், ரின்4?

மன்னவனூரான்:
தொடுகிறது. நான் தூங்கப் போகிறேன்.

பாலாடாக்காரன்:
போங்கள். காலையில் ரின்4க்குப் பதில் சொல்லிவிட்டு டீ குடியுங்கள்.