26 ஆண்டு தறியில் நின்ற கால்: வெரிகோஸ் வெயினுக்கு மருத்துவமனையில் தங்காமல் சிகிச்சை உண்டா?

கேள்வி: தறிக்காரர் மகள், சோமனூர்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 54. விசைத்தறிக் கூடத்தில் 26 ஆண்டுகளாக 12 மணி நேர ஷிப்டில் நின்றபடியே வேலை செய்கிறார். இடது கெண்டைக்காலில் நாளங்கள் கயிறு போலப் புடைத்துச் சுருண்டு பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் ஊரில் இதை நரம்புச் சுருட்டல் என்பார்கள். மாலையானால் கால் கனத்துக் கணுக்கால் வீங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே தோல் கறுத்து அரிப்பெடுத்தது; அங்கே நான்கு மாதங்களுக்கு முன் உண்டான புண், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியும் ஆறவில்லை. என் அப்பாருக்கும் (தந்தையின் தந்தைக்கும்) இதே போன்ற கால்தான் என்கிறார்கள். மருத்துவமனையில் படுத்தால் கூலி போய்விடும் என்று தந்தை வர மறுக்கிறார். இது எதனால் வருகிறது, அன்றே வீடு திரும்பும்படியான சிகிச்சை இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: இரத்தநாள மருத்துவர், கோவை

முதலில், இது நரம்பு நோய் அன்று. பாதத்திலிருந்து இதயத்துக்கு இரத்தத்தை மேலேற்றும் சிரைகளின் நோய். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு ஒழுகினால் குழாயில் ஏறிய தண்ணீர் மீண்டும் கிணற்றுக்கே இறங்கிவிடும் அல்லவா? அதுபோலச் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் சரியாக மூடாதபோது இரத்தம் கீழ்நோக்கி ஒழுகித் தேங்குகிறது. கெண்டைக்கால் தசைதான் அங்கே பம்பு. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். வால்வுகள் நன்றாக இருப்பவர் நடந்தால் அது ஏறத்தாழ 30க்கு இறங்கிவிடும். தங்கள் தந்தைக்கு அது இறங்குவதில்லை. தோல் கறுத்ததும் புண் ஆறாததும் அதனால்தான் என்று தோன்றுகிறது. நேரில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். நிற்கும் வேலை மட்டுமே காரணமன்று. குடும்பவழி, உடல் எடை, பெண்களுக்குக் கருவுற்ற காலம், தசைகளுக்குள் ஆழமாக ஓடும் ஆழ்சிரையில் முன்பு உறைந்த இரத்தக்கட்டி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடுகிறதா, ஆழ்சிரைகள் அடைப்பின்றி இருக்கின்றனவா என்பவை அதில் தெரியும். சிகிச்சையை முடிவு செய்வது அந்த ஸ்கேன்தான்.

தங்காமல் செய்யும் சிகிச்சை உண்டு. முழங்காலருகே ஊசி வழியாக மெல்லிய இழை ஒன்றைத் தோலுக்கு அடியில் ஓடும் பழுதான சிரைக்குள் விட்டு, ஸ்கேனில் பார்த்தபடி தொடையிடுக்கு அருகே வரை கொண்டுசென்று, சுற்றிலும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திய பிறகு, லேசராலோ ரேடியோ அலையாலோ சூடேற்றி அந்தச் சிரையை மூடிவிடுவார்கள். முடிந்தவுடன் நோயாளி எழுந்து நடப்பார். எஞ்சிய சுருள்களை நுரை மருந்து ஊசியால் மூடலாம், அல்லது சிறு துளைகள் வழியே எடுத்துவிடலாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013லேயே வெப்ப முறையை முதலிலும், நுரை ஊசியை அடுத்தும், அறுவை சிகிச்சையைக் கடைசியிலும் வைத்தது. மூடிவிட்டால் இரத்தம் எங்கே போகும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். காலின் இரத்தத்தில் பெரும்பகுதியை மேலே கொண்டுசெல்பவை ஆழ்சிரைகளே. அவை நன்றாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

புண் வந்துவிட்டதால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், அழுத்தக் கட்டுடன் சிரையையும் விரைவில் மூடியவர்களுக்குப் புண் ஆற இடைநிலையாக (பாதிப் பேருக்கு ஆறிய காலம்) 56 நாட்களும், சிரை மூடலைத் தள்ளிவைத்தவர்களுக்கு 82 நாட்களும் ஆயின.

மறுமொழி 2: ஜவுளிக்கடை ஊழியர், பெருந்துறை

எனக்கு லேசர் செய்து ஓராண்டு ஆகிறது. காலையில் போய் மாலைக்குள் வீடு திரும்பிவிட்டேன். தொடை நெடுக மருந்து ஏற்றும் ஊசிகள்தான் வலித்தன. பிறகு இரண்டு வாரங்கள் உள்தொடையில் நாண் இழுப்பது போன்ற பிடிப்பு இருந்து மறைந்தது. சித்திரை வெயிலில் அழுத்தக் காலுறை போட்டிருந்தது பெரும் சிரமம்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. முதலில் பார்த்த இடத்தில் ஸ்கேனே எடுக்காமல் காலுறை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்; இரண்டு ஆண்டுகள் வீணாயின. காப்பீட்டு அட்டை இருந்தால் தேதி குறிக்கும் முன்பே, எந்த முறைக்குப் பொருந்தும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 3: தொழிற்சங்க ஊழியர், திருப்பூர்

சிகிச்சைக்குப் பிறகும் அவர் அதே தறிக்குத்தான் திரும்புவார் என்பதால் இதைச் சொல்கிறேன். நின்று வேலை செய்வோர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆவது பிரிவிலேயே சொன்னது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. முதலாளியிடம் ஒரு முக்காலி கேட்பது சலுகை கேட்பதாகாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஸ்கேன் அன்றே முடிந்துவிடும் என்றதும் வரச் சம்மதித்துவிட்டார். இரவில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுகிறோம், அதைத் தொடரலாமா?

மறுமொழி 4: இரத்தநாள மருத்துவர், கோவை

வேண்டாம். புடைத்த சிரையை அழுத்தித் தேய்க்காதீர்கள்; புண்ணில் பச்சிலை பூசுவதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். படுக்கும்போது காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். இதயத்திலிருந்து பாதத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியின் துடிப்பைப் பரிசோதிக்காமல் இறுக்கமான கட்டோ காலுறையோ போட வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் இது மேலும் முக்கியம். சுருளிலிருந்து இரத்தம் பீறிட்டால் மேலே கயிறு கட்டாமல், உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்தி, அந்த இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.