பிரெஞ்சு மொழியின் ‘இல் ஃபோ’ என்பதை ‘வேண்டும்’ என்றே கொள்ளலாமா?

கேள்வி (இந்திராநகர், பெங்களூரு):
அன்பர்களுக்கு வணக்கம். வசந்த்நகர் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் மாலை வகுப்பில் படித்து, டெல்ஃப் ஏ2 என்னும் தொடக்கநிலைப் பிரெஞ்சுத் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறேன். ‘ஃபலுவார்’ என்னும் வினை, நான், நீ, நாம் என எந்த எழுவாயையும் ஏற்காமல், ‘இல் ஃபோ’ என்ற படர்க்கை ஒருமையில் மட்டுமே வருவது ஏன்? ‘இல் நெ ஃபோ பா’ என்று எதிர்மறையில் வரும்போது அதைத் ‘தேவையில்லை’ என்று கொள்வதா, ‘கூடாது’ என்று கொள்வதா?

பதில் 1:
நண்பரே, இதில் வரும் ‘இல்’ யாரையும் குறிப்பதன்று. மழை பெய்கிறது என்பதற்கான ‘இல் ப்ளே’யில் உள்ளதைப் போல, இடத்தை நிரப்ப வந்த வெற்று எழுவாய். தமிழருக்கு இது புதிதும் அன்று. ‘எனக்குப் பால் வேண்டும்’ என்பதில் ‘நான்’ எங்கே இருக்கிறது? ‘இல் மெ ஃபோ த்யு லே’ என்பதும் அவ்வாறே ‘எனக்கு’ என்றுதான் அமைகிறது. வகுப்பில் கன்னடக்காரர்கள் இருந்தால் ‘நனகெ ஹாலு பேக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். ‘இல் ஃபோ பார்த்தீர்’ என்றால் கிளம்ப வேண்டும் என்று பொருள். கிளம்புவது யார் என்பதை இடம் நோக்கி அறிய வேண்டும். ஆளைச் சுட்ட விரும்பினால் ‘இல் ஃபோ கெ தூ வியேன்’, அதாவது நீ வர வேண்டும், என்று ‘கெ’ சேர்த்துச் சொல்வார்கள். அப்போது பின்வரும் வினை சப்ஜங்க்டிவ் (தேவை, விருப்பம் போன்றவற்றைச் சுட்டும்) வடிவம் பெறும்.

பதில் 2:
எதிர்மறை ‘கூடாது’தான், ஐயமே வேண்டாம். ‘இல் நெ ஃபோ பா ஃப்யுமே இசி’ என்றால் இங்கே புகைபிடிக்கக் கூடாது. தேவையில்லை என்று சொல்ல ‘ஸ நே பா லா பேன்’ என்ற தொடர் தனியே இருக்கிறது. பேச்சில் ‘இல்’, ‘நெ’ இரண்டையும் விழுங்கிவிட்டு ‘ஃபோ பா’ என்று மட்டும் சொல்வதும் உண்டு.

பதில் 3:
முதல் பதிலுக்கு ஒரு திருத்தம். ‘வேண்டும்’ விருப்பத்தையும் சொல்லும், ‘ஃபலுவார்’ தேவையை மட்டுமே சொல்லும். ஆகவே காபிக் கடையில் ‘இல் மெ ஃபோ ஆன் கஃபே’ என்பது, காபி இல்லாமல் முடியாது என்னும் தொனியைத் தரும். ‘ஜெ வூத்ரே’ (எனக்கு வேண்டும் என்பதன் பணிவான வடிவம்) என்று கேட்பதே நாகரிகம்.

இறந்தகாலத்தில்தான் கூடுதல் கவனம் தேவை என்பது என் கருத்து. ‘இல் ஃபாலே லெ தீர்’ என்பது பெரும்பாலும் ‘சொல்லியிருக்க வேண்டும்’ என்ற குறையைக் குறிக்கும், அதாவது சொல்லவில்லை. ‘இல் அ ஃபல்யூ அத்தாந்த்ர்’ என்றால் ‘காத்திருக்க வேண்டியதாயிற்று’, அதாவது காத்திருந்தே ஆயிற்று. எதிர்காலத்துக்கு ‘இல் ஃபோத்ரா’. ‘இல் ஃபோத்ரே’ என்று முடித்தால் ‘செய்தால் நல்லது’ என்ற மென்மை வரும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ‘ஃபாலே’, ‘அ ஃபல்யூ’ இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எங்கள் பாடநூல் ஒரே வரியில் கடந்துவிட்டது. அதற்கு இன்னும் இரண்டொரு எடுத்துக்காட்டுகள் தந்தால் உதவியாக இருக்கும்.