மலாவி கிராமச் சபைக்கு உதவி: பிள்ளைகள் இல்லம் கட்டலாமா?

சபைப் பொருளாளர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் மிஷன் நிதியிலிருந்து தெற்கு மலாவியில் ஒரு கிராமச் சபைக்கு மாதாமாதம் பணம் போகிறது. அவர்கள் அனுப்பிய பட்டியலில் தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகள் 60 பேர், முதியோர் 30 பேர். இப்போது அந்தப் போதகர் 40 கட்டில் போடுகிற மாதிரி ஒரு பிள்ளைகள் இல்லம் கட்ட உதவி கேட்கிறார். சூளை போட்டுச் செங்கல்கூட சுட்டு அடுக்கியாகிவிட்டது. கமிட்டியில் பாதிப்பேர் சரி என்கிறார்கள், பாதிப்பேர் தயங்குகிறார்கள். இல்லம் சரியான வழியா? சாப்பாடு மட்டும் போடுவதானால் எவ்வளவு தானியம் வேண்டும்? முதியோருக்குப் பொருளாகக் கொடுப்பதா, பணமாகவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குக் காற்று

இல்லம் வேண்டாம் சகோதரரே. பட்டியலில் 'அனாதை' என்று இருக்கும் பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். ஐ.நா. கணக்கில் ஒருவரை இழந்தாலே அந்தப் பெயர்தான். இருவருமே இல்லாவிட்டாலும் பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள். மூன்று வேளைச் சாப்பாடும் சீருடையும் கிடைக்கிற கட்டடம் ஒன்று ஊரில் எழும்பினால், இல்லாத வீட்டுக்காரர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விடத்தான் செய்வார்கள். கட்டில் நிரம்பும், வீடு காலியாகும். வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான்.

நிலம் இன்னொரு காரணம். தெற்கு மலாவியில் லோம்வே, யாவோ மக்களிடம் தாய்வழி மரபு. நிலம் பெண்களின் வழியாக இறங்கும், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குப் போவார். பத்து வருஷம் இல்லத்தில் வளர்ந்துவிட்டு 18 வயதில் திரும்பும் பெண்ணுக்கு, அம்மா உழுத துண்டு வேறு யார் கையிலோ இருக்கும். பிள்ளை விஷயத்தில் முடிவு சொல்கிறவர் தாய்மாமன், அங்கே 'மலுமே' என்பார்கள். (இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.) மாமனைக் கேட்காமல் போதகரும் பாட்டியும் மட்டும் பேசி எடுத்த முடிவு நிற்காது. ஆனால் தெற்குக் கோடியில் ந்சாஞ்சே பக்கத்துச் சேனா மக்களிடம் தந்தைவழி. உங்கள் கிராமம் எந்த மரபு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும் இருக்கிற வீடு இப்போது பிள்ளைப் பட்டியலில் மூன்று பெயர், முதியோர் பட்டியலில் ஒரு பெயர். உண்மையில் அது ஒரே அடுப்பு. அடுப்பை எண்ணினால் உங்கள் 90 பேர் பாதிக்கும் குறைவான வீடுகளில் அடங்கிவிடலாம். வீட்டுக்கு ஒரு வரி போதும்: யார் யார், எந்த வயது, வேலைக்குப் போகக்கூடிய ஆள் உண்டா, எவ்வளவு நிலம், போன அறுவடை எந்த மாதம் வரை வந்தது. கடைசிக் கேள்விக்கு "அக்டோபர்" என்று பதில் வரும் வீடும் "பிப்ரவரி" என்று வரும் வீடும் ஒன்றல்ல. எழுதியதை ஊர்த்தலைவர் முன்னிலையில் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வாசிக்காத பட்டியலில் மூப்பரின் உறவுக்காரர்கள் முளைப்பார்கள்.

ஆரம்பப் பள்ளிக்கு அங்கே 1994 முதல் கட்டணம் கிடையாது. மேல்நிலையில்தான் செலவு கூடும், பெண் பிள்ளைகள் பலர் அங்கே படிப்பை நிறுத்திவிடுவதும் உண்டு. கட்டடப் பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம்.

அடுப்படி

சாப்பாட்டுக் கணக்கு நான் சொல்கிறேன். அங்கே பள்ளிகளில் ஊற்றுவது 'லிக்கூனி பாலா' என்ற கஞ்சி. மக்காச்சோளம் நான்கு பங்கு, சோயா ஒரு பங்கு, கொஞ்சம் சர்க்கரை, சிட்டிகை உப்பு.

சின்னதும் பெரிசுமாக 60 பிள்ளைகளுக்குச் சராசரி 80 கிராம் மாவு என்றால் நாளைக்கு 4.8 கிலோ. மாதம் 22 நாள் ஊற்றினால் 106 கிலோ: சோளம் 85, சோயா 21. தண்ணீர் மாவின் எடையைப் போல ஆறு மடங்கு, சுமார் 29 லிட்டர். ஆளுக்கு அரை லிட்டர் குவளை நிறையும். பொங்கி வழியாமலிருக்க 50 லிட்டர் பாத்திரம் வேண்டும்.

சோயாவை வறுக்காமல் அரைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாத ஒரு பொருள் இருக்கிறது, சூடு பட்டால்தான் அது அடங்கும். பச்சையாக அரைத்த மாவு வயிற்றைக் கலக்கும், "கஞ்சி ஒத்துக்கவில்லை" என்று பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள். பொன்னிறமாகி வாசனை வரும் வரை வறுத்து, ஆறவிட்டு, பிறகு சோளத்தோடு சேர்த்து மில்லுக்கு அனுப்ப வேண்டும். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டும். பச்சைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, கொதிக்கிற பாத்திரத்தில் கிண்டிக்கொண்டே ஊற்றி, 20–25 நிமிஷம் வேகவிடுங்கள். மிஞ்சினதை மறுநாளுக்கு வைக்கவே கூடாது.

வாங்கும் காலம் முக்கியம். அறுவடை ஏப்ரல்–மே, பஞ்ச மாதங்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஜனவரியில் பணம் அனுப்பினால் வருஷத்தின் உச்ச விலைக்கு வாங்குவார்கள். நான்கு பஞ்ச மாதத்துக்கு 424 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஒன்பது. இதை ஜூனிலேயே வாங்கிப் போட வேண்டும்.

ஈரமான சோளத்தை வாங்கினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வரும், அது வேகவைத்தாலும் போகாது. சோதனை சுலபம்: காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சோளமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது, திரும்ப வெயிலில் காயவேண்டும்.

கணக்குப்பிள்ளை

முதியோருக்குப் பணமா பொருளா என்றால், சந்தையில் சோளம் கிடைக்கிற மாதங்களில் பணம், பஞ்ச மாதங்களில் சோளம். அதற்கு முன்னால் யாருக்கெல்லாம் 'ம்டுகுலா பாகோமோ' வருகிறது என்று பாருங்கள். ம்சின்ஜி மாவட்டத்தில் 2006-இல் சோதனையாகத் தொடங்கிய அரசு உதவித்தொகை அது, உழைக்க ஆளில்லாத பரம ஏழை வீடுகளுக்கு. கிராமத்தில் பத்தில் ஒரு வீடு என்ற அளவுதான் எடுப்பார்கள், அதற்கு அடுத்த படியில் இருக்கிற வீடு வெறுங்கையோடு நிற்கும். உங்கள் பணம் போகவேண்டியது அங்கே.

ஏர்டெல் மணி, ம்பாம்பா என்ற கைபேசிப் பணச் சேவைகளில் அனுப்பலாம். ஆனால் சிம் பேரன் பெயரில், ரகசிய எண்ணும் பேரன் வாயில் என்றால் பணம் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டை இல்லாத முதியவருக்கு முதல் செலவே அதை எடுத்துக் கொடுப்பதாக இருக்கட்டும். பிறகு குறித்த ஒரு தேதியில் முகவரையே கிராமத்துக்கு வரவழைத்து, சபையார் ஒருவரும் சபைக்கு வெளியே ஒருவரும் சாட்சியாக நின்று கொடுங்கள்.

தொகையை அந்த நாட்டு நாணயமான குவாச்சாவில் வாக்குக் கொடுக்காதீர்கள். 2023 நவம்பரில் அதன் மதிப்பைக் குறைத்தபோது, ஒரே நாளில் டாலரின் விலை குவாச்சாவில் 44 சதவீதம் ஏறியது. "மாதம் இத்தனை கிலோ சோளத்தின் விலை" என்று எழுதிக்கொண்டால் தொகை தானாக ஏறும்.

இன்னொன்று, இங்கிருந்து பார்த்தால் தெரியாதது. தனியாக வாழும் கிழவிக்கு மட்டும் பணம் வருகிறது, பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை இறந்தது என்றால், சூனியக்காரி என்ற பேச்சு கிளம்பும். ஒருவரைச் சூனியக்காரி என்று சொல்வதே 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம், ஆனால் காவல் நிலையம் தூரத்தில் இருக்கும். தனி ஆளாக யாரையும் தேர்ந்தெடுக்காமல் ஏழெட்டு வீடுகளாகச் சேர்த்துக் கொடுப்பது ஒரு பாதுகாப்பு. ஏன் கொடுக்கிறோம் என்று ஊர்த்தலைவர் வாயால் சொல்லவைப்பது இன்னொன்று.

ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்ற நிபந்தனை வேண்டாம். யாவோக்களில் இஸ்லாமியர் அதிகம். செஞ்சிலுவை இயக்கத்தோடு கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நிவாரணப் பணிக்கென உருவாக்கிய 1994 நடத்தை நெறியிலேயே, மதம் பார்த்து உதவக்கூடாது என்று இருக்கிறது.

சபைப் பொருளாளர்

நன்றி. ஆனால் அந்தச் செங்கல்? ஊரே சேர்ந்து சுட்டது. வேண்டாம் என்றால் போதகரின் முகம் விழுந்துவிடும்.

அடுப்படி

வீணாக்க வேண்டாம், அதில் சமையலறையும் கிடங்கும் கட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் திறந்த ஒரு கூரை போட்டால் காலையில் சின்னப் பிள்ளைகளின் பாலர் மையம், மத்தியானம் பாட்டிமார் உட்காரும் இடம். ஊர் சுட்ட செங்கல் ஊர் கண்ணுக்கு முன்னால் நிற்கும், போதகருக்கும் மரியாதை. அடுப்பையும் அதே செங்கலில், பாத்திரம் தோள் வரை உள்ளே இறங்குகிற மாதிரி கட்டினால் விறகு நன்றாக மிச்சமாகும்.

கிடங்குத் தரை வெளித்தரையைவிட இரண்டு அடி உயரம் இருக்கட்டும். 2023-இல் ஃப்ரெடி புயல் அந்தப் பக்கத்தை என்ன பாடுபடுத்தியது என்று தெரியும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரில் படாமல் ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மூன்றடுக்குப் பை கிடைத்தால் வாங்குங்கள்: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே நெய்த சாக்கு. ஒவ்வொரு உறையின் வாயையும் காற்றைப் பிதுக்கித் தனித்தனியாக முறுக்கிக் கட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினால் காற்று புகும், வண்டு சாகாது. கிடங்குக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி; அதில் ஒன்று சமைக்கும் பெண்களிடம் இருக்கட்டும்.